இது அழகுக்கான ஆபரேஷன் இல்லை: காப்பீட்டு ஒப்புதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் குழுவில் இருக்கும் மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

கடந்த மாதம் என் தம்பிக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மொத்தமே இரண்டு வரிகள். கேட்கப்பட்ட அறுவை சிகிச்சை உடல் எடையைக் குறைப்பதற்கானது என்று ஒரு வரி. அழகு சார்ந்த சிகிச்சைகள் பாலிசியில் அடங்காது என்று இன்னொரு வரி. 2022-இல் எனக்கு வந்த கடிதத்திலும் இதே இரண்டு வரிகள்தான். பெயரையும் பாலிசி எண்ணையும் விரலால் மறைத்துக்கொண்டால் எது அவனுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. நகையை அடகு வைத்து என் வழியைப் பார்த்துக்கொண்டேன். அப்படிச் சும்மா இருந்தது தவறு என்று இப்போது புரிகிறது. நான் அன்றே கேட்டிருந்தால் தம்பிக்கு இந்தக் கடிதம் வந்திருக்காதோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். ராயபுரத்தில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் 19 வருடமாக டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் ஒரு எண் மாறிப்போனால் கண்டெய்னர் யார்டிலேயே நிற்கும், வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் எந்தத் தாளையும் கடைசி வரி வரை படித்துப் பழகிவிட்டேன். நான் தாளில் அனுப்பும் கண்டெய்னரை ரோட்டில் இழுப்பவன் என் தம்பி. 22 வயதில் டிரெய்லர் ஓட்டத் தொடங்கினான், இப்போது அவனுக்கு 39. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 2012-இல், 56 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். அதற்கு அடுத்த வருடம்தான் நாங்கள் இருவரும் உங்களிடம் பாலிசி எடுத்தோம். அன்றிலிருந்து ஒரு தவணைகூட விட்டதில்லை. இதயத்துக்குப் பயந்து எடுத்த பாலிசி அது. இதயத்துக்காகக் கேட்கும்போதுதான் அழகு என்கிறீர்கள்.

தம்பியின் உயரம் 170 சென்டிமீட்டர், எடை 142 கிலோ, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ என்ற எண் 49. இந்த எண்கள் உங்களிடம் இருக்கின்றன. அந்த எண்களோடு அவன் எப்படி வாழ்கிறான் என்பது உங்கள் ஃபைலில் இருக்காது, அதைச் சொல்கிறேன்.

மணலியிலோ மாதவரத்திலோ லோடு ஏற்றிக்கொண்டு வரும் டிரெய்லர்கள் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் வரிசையை எண்ணூர் விரைவுச் சாலையில் பார்த்திருப்பீர்கள். சில நாள் அரை ராத்திரி, சில நாள் முழு ராத்திரி. வண்டி பத்தடி நகரும், அப்புறம் ஒரு மணி நேரம் அசையாது. இறங்கி நடக்கலாம் என்றால் முன்னால் இருக்கும் வண்டி எப்போது நகரும் என்று தெரியாது. சிறுநீர் கழிக்கக்கூட யோசித்துத்தான் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் கிடைப்பது தள்ளுவண்டியில் பரோட்டா சால்னாவும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும். பதினேழு வருடம் ஒருவன் இப்படி உட்கார்ந்தே வேலை செய்தால் உடம்பு என்ன ஆகும்? அவன் சோம்பேறி இல்லை. இந்த ஊருக்குள் வரும் அரிசியும் டிவியும் மருந்தும் அவனைப் போன்றவர்கள் உட்கார்ந்த உட்காரலில்தான் வந்து சேர்கின்றன.

இரண்டு வருடமாக அவன் படுத்துத் தூங்குவதில்லை. மூன்று தலையணையைச் சுவரில் சாய்த்து, அதில் சாய்ந்துதான் கண்ணயர்வான். படுத்தால் மூச்சு அடைக்கிறது. தூங்கும்போது குறட்டை ஏறிக்கொண்டே போய், திடீரென்று ஒரு சத்தமும் இருக்காது. தம்பி மனைவி எழுந்து உட்கார்ந்து எண்ணுவாள். முப்பது, நாற்பது எண்ணிய பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் மாதிரி ஒரு பெரிய மூச்சு. அந்த வீட்டில் ராத்திரி யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. கடைசிப் பையனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் குறட்டை நின்றால் அவனும் எழுந்துவிடுகிறான்.

போன வருடம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்குக் காசிமேடு தாண்டி க்யூவில் நின்றிருக்கிறான். முன்னால் இருந்த வண்டி நகர்ந்திருக்கிறது. இவன் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து தூங்கிவிட்டான். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக் கிளீனர் பையன்தான் உலுக்கி எழுப்பினான். வண்டி நின்றிருந்ததால் போயிற்று. ஓடிக்கொண்டிருந்திருந்தால்? அந்த ரோட்டில் டூவீலரில் போகிறவர்கள் எத்தனை பேர்! அன்றைக்கு அவனே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டான். ஏழு மாதமாக வேலைக்குப் போகவில்லை.

எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, அதாவது பம்பிங், 35 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டியது. இதயத்தின் இடது கீழறை விரிந்திருந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. உடல் பருமனால் வந்த இதயத் தசை நோய் என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளும் உங்களிடம் இருக்கிறது.

அது எப்படி வருகிறது என்று அவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். உங்கள் குழுவில் இருக்கும் மருத்துவர்களுக்கு இது பாலபாடம். ஆனாலும் அந்த இரண்டு வரியை எழுதியவருக்காகத் திருப்பிச் சொல்கிறேன். உடம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோ கொழுப்புக்கும் ரத்தம் போயாக வேண்டும். எடை கூடக்கூட உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. அவ்வளவையும் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளித் தள்ளி இதயத்தின் அறை விரிகிறது, சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் சரியாகத் தளராது. தளராத அறையில் ரத்தம் முழுதாக நிரம்பாது, அது நுரையீரல் பக்கம் தேங்கும். படுத்தால் மூச்சு அடைப்பது அதனால்தான். இதோடு தூக்கத்தில் மூச்சு நிற்கும்போதெல்லாம் ஆக்சிஜன் இறங்குகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலது பக்கமும் களைத்துப்போகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் தசை வலுவிழந்து பம்பிங் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி ஒரே வார்த்தைதான் சொன்னான். "ஓவர்லோடு."

டாக்டர் தலையை ஆட்டினார். லோடை இறக்காமல் இன்ஜினுக்கு மட்டும் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை நீங்கள் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் என் எடை 118 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். பி.எம்.ஐ 48. ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை, காலில் நீர் வடிய ஒரு மாத்திரை. மாலையில் செருப்பு மாட்ட முடியாதபடி கால் வீங்கிவிடும். ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது. முதல் மாடித் திருப்பத்தில் நின்று, போன் பார்ப்பது போல நடித்து மூச்சு வாங்குவேன். தூக்கத்தைப் பரிசோதித்தபோது மணிக்கு 62 தடவை என் மூச்சு நின்றதாகப் பதிவானது. பம்பிங் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதயச் சுவர் 14 மில்லிமீட்டர் தடித்து, தளராமல் இருந்தது. பம்பிங் சரியாக இருந்தாலும் இதயம் செயலிழக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எக்கோ எடுத்த பெண் கருவியை என் நெஞ்சில் அழுத்தி அழுத்தி வைத்தும் படம் தெளிவாக விழவில்லை. "கொழுப்பு மறைக்குதும்மா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த மேஜையில் படுத்துக்கொண்டு அப்பாவை நினைத்தேன்.

நீங்கள் மறுத்த பிறகு 14 சவரன் அடகுக்குப் போனது. மீதிக்கு ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கினேன். மொத்தம் 4,20,000 ரூபாய். அதில் ஐந்து சவரன் இன்னும் மீளவில்லை. ஸ்லீவ் என்ற ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, ஒரு நீளக் குழாய் போல மிச்சம் வைப்பார்கள். வயிறு சின்னதாவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது, குடலில் இருந்து வரும் சில ஹார்மோன்களும் மாறுகின்றன.

எனக்கு வியப்பாக இருந்தது எடை இறங்கிய வேகம் இல்லை. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, மூன்றாவது வாரத்தில், தலைச்சுற்றல் வந்து டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, இந்த மாத்திரைகள் இப்போது அதிகம் என்று இரண்டை நிறுத்தினார். கால் வீக்கம் இரண்டு மாதத்தில் வற்றியது. ஒரு வருடம் கழித்து எடை 79. தூக்கப் பரிசோதனையில் 62 என்று இருந்தது 11 ஆனது. மூச்சுக்காக வாடகைக்கு எடுத்திருந்த சிபாப் மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். எக்கோவில் சுவர் 11 மில்லிமீட்டர். அதே பெண்தான் எடுத்தாள், இந்த முறை படம் தெளிவாக விழுந்தது. இப்போது என் எடை 82. மூன்று கிலோ ஏறியிருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆபீஸ் மாடியை நிற்காமல் ஏறுகிறேன். ஒரே ஒரு பிரஷர் மாத்திரை.

கஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். நாலு மாதம் தலைமுடி கொட்டியது. இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டால் வாந்தி. பி12 ஊசி, இரும்புச்சத்து, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும், வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தையலில் கசிவு, ரத்தக் கட்டி போன்ற ஆபத்துகள் இருப்பதைக் கையெழுத்து வாங்கும்போதே விளக்கினார்கள். தம்பிக்கு இதயம் பலவீனமாக இருப்பதால் அவனுக்கு ஆபத்து என்னைவிட அதிகம். அதனால்தான் இதயநோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய குழு இருக்கும் மருத்துவமனையில், இதய மருத்துவர் கூட நிற்க, திட்டமிட்டுச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் மறுத்தது அப்படி யோசித்துத் தயாரித்த ஒரு திட்டத்தை. செலவைக் குறைக்க வசதி குறைந்த ஏதோ ஒரு இடத்துக்கு அவனைக் கொண்டுபோக எங்களுக்கு மனம் வராது.

ஒருத்தியின் கதையை வைத்து முடிவெடுக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். சுவீடனில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், அதே அளவு பருமனோடு வழக்கமான சிகிச்சையில் இருந்த 2,037 பேரையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவில், இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 28 பேர், மறுபக்கம் 49 பேர். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் ஆபரேஷன் பக்கம்தான் குறைவு. அது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்த ஆய்வு இல்லை, பெரும்பாலும் இன்று கைவிடப்பட்ட பழைய ஆபரேஷன் முறைகள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 2019-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவர்கள் சர்க்கரையும் பருமனும் சேர்ந்த 13,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். எட்டு வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, இதயத் துடிப்புக் கோளாறு இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் ஆபரேஷன் செய்யாதவர்களில் 47.7 சதவீதம், செய்தவர்களில் 30.8 சதவீதம். அதுவும் பழைய பதிவுகளை ஒப்பிட்டதுதான். ஆனால் தனித்தனி நாட்டில், தனித்தனிக் காலத்தில் பார்த்தும் விடை ஒரே பக்கம் சாய்கிறது.

சுவீடன் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு, அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2020-இல் வந்த கணக்குப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் சாதாரண மக்களைவிட ஐந்தரை வருடம் குறைவாகவே வாழ்ந்தார்கள். வருடக்கணக்கில் பாரம் சுமந்த உடம்பு முழுதாகத் திரும்பி வருவதில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தம்பி விஷயத்தில் நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

இனி நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எதையெல்லாம் பாலிசியில் விலக்கலாம் என்பதை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக எழுதிக் கொடுத்தது. பழைய பாலிசிகளுக்கும் 2020 அக்டோபரிலிருந்து அது பொருந்தும். அதில் விலக்கு எண் 06, உடல் பருமன் பற்றியது. மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், சிகிச்சை நெறிமுறைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், பி.எம்.ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இவை பொருந்தாத ஆபரேஷன்களைத்தான் நீங்கள் விலக்கலாம். பி.எம்.ஐ 35-க்கு மேல் 40-க்குள் இருந்தால், மற்ற வழிகளில் எடை குறையாத நிலையில், கூடவே ஒரு தீவிர நோய் இருக்க வேண்டும். அந்த நோய்கள் எவை என்று ஆணையமே பெயர் சொல்லியிருக்கிறது: உடல் பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு நிற்கும் தீவிரக் கோளாறு, கட்டுக்குள் வராத சர்க்கரை. பட்டியலில் முதலில் இருப்பதே தம்பியின் நோய். அவனுடைய பி.எம்.ஐ-க்கு அந்தப் பட்டியல்கூடத் தேவையில்லை. 49 என்ற எண்ணே போதும்.

அழகு சிகிச்சைக்கு அதே வழிகாட்டுதலில் தனி விலக்கு இருக்கிறது. அதன் எண் 08. ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு பில் ஆஃப் என்ட்ரி போட்டால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. நீங்கள் அந்த எண்ணைக்கூட எழுதவில்லை. மறுப்பதானால் பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட வேண்டும் என்றும், க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் க்ளெய்மையும் தள்ளக்கூடாது என்றும் 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. எங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை.

உங்கள் உதவி எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை பேசிய உங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். "டெய்லி ஒரு மணி நேரம் வாக்கிங் போகச் சொல்லுங்க மேடம்" என்றார். என் தம்பியால் படுக்கையிலிருந்து தெருமுனை டீக்கடை வரை நடக்க முடியாது. நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். நடக்க முடிந்த காலத்தில் நடந்தான். உணவு ஆலோசகர் சொன்னபடி ஆறு மாதம் சோற்றைக் குறைத்து ஒன்பது கிலோ இறக்கினான். அடுத்த ஐந்து மாதத்தில் பதினொன்று ஏறியது. எடை குறையும்போது உடம்பே பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. மனவுறுதி இல்லை என்று அவனைப் பார்த்து யாரும் சொல்ல வேண்டாம்.

எடை குறைக்க இப்போது ஊசி வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அதைப் பற்றியும் இதய மருத்துவரிடம் பேசினோம். ஏற்கெனவே இதயநோய் உள்ள, சர்க்கரை இல்லாத பருமனானவர்கள் 17,604 பேரிடம் செமாகுளூட்டைட் என்ற அந்த ஊசி மருந்தைச் சோதித்து, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்ததை 2023-இல் வெளியிட்டார்கள். நல்ல மருந்துதான். ஆனால் விட்டால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும், வருடக்கணக்கில் போட வேண்டும், அந்தச் செலவையும் எங்கள் பாலிசி தராது. ஆபரேஷனையும் தரமாட்டீர்கள், ஊசியையும் தரமாட்டீர்கள் என்றால் அவனுக்கு என்னதான் வைத்திருக்கிறீர்கள்?

எதற்குத் தருவீர்கள் என்பது எனக்குத் தெரியும். கடந்த 14 மாதத்தில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, இரண்டு முறை அவனை ஐ.சி.யூ-வில் சேர்த்தோம். இரண்டு முறையும் நீங்கள் கேஷ்லெஸ் கொடுத்தீர்கள். மொத்தம் 3,90,000 ரூபாய். அதற்கு நன்றியுள்ளவர்கள்தான் நாங்கள். இப்போது ஆபரேஷனுக்குக் கேட்டிருப்பது 4,75,000. மூன்றாவது முறை அவன் நீல உதட்டோடு ஆம்புலன்ஸில் போனால் மறுபடியும் கொடுப்பீர்கள். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதற்குக் கேட்டால் அழகு என்கிறீர்கள். கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டியபோது அவன் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னாக்கா, அழகாவறதுக்கா கேட்டோம்? மூச்சு வுடறதுக்குத்தானே கேட்டோம்."

இது எங்கள் வீட்டோடு நிற்கும் பிரச்சினை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அதில் ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்குப் போகிறவர்கள் ஒரு சிறு பகுதிதான். ஆனால் எங்கள் பக்கத்தில், தம்பியோடு வண்டி ஓட்டும் இருவரும், கொருக்குப்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவும், டாக்டர் சொன்ன பிறகும் விண்ணப்பிக்கவே இல்லை. எப்படியும் தரமாட்டார்கள் என்று முகவரே சொல்லி அனுப்பிவிட்டாராம். உங்கள் இரண்டு வரிக் கடிதங்கள் செய்யும் வேலை இது. விண்ணப்பமே வராததால் மறுத்தவர்கள் கணக்கிலும் இவர்கள் வரமாட்டார்கள்.

நான் கேட்பது இவைதான்.

தம்பியின் விண்ணப்பத்தை மறுபடி எடுங்கள். அதைப் பார்ப்பவர்களில் ஒருவர் இதய மருத்துவராகவும், ஒருவர் இந்த அறுவை சிகிச்சை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். எங்கள் மருத்துவரோடு அவர்கள் நேராகவோ போனிலோ பேசட்டும். ஏழு நாளில் முடிவு வேண்டும். பம்பிங் 25-க்கு இறங்கிவிட்டால் மயக்க மருந்து கொடுக்கவே தயங்க வேண்டிவரும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அப்போது நீங்கள் அனுமதி கொடுத்தும் பயன் இருக்காது.

மறுப்பதே உங்கள் முடிவு என்றால், எந்த விலக்கு, எந்த எண், அதன் எந்த நிபந்தனை அவனுக்குப் பொருந்தவில்லை என்று எழுதுங்கள். மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலையும் முடிவெடுத்த மருத்துவரின் தகுதியையும் சேர்த்து எழுதுங்கள். தமிழிலும் ஒரு பிரதி வேண்டும். அவனைப் பற்றிய முடிவை அவனே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

2020 அக்டோபருக்குப் பிறகு, பி.எம்.ஐ 40-ஐத் தாண்டியும் அழகு சிகிச்சை என்று சொல்லி நீங்கள் தள்ளிய எல்லா விண்ணப்பங்களையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். என்னுடையதும் அதில் ஒன்று. என் பணத்தை நான் கேட்கத்தான் போகிறேன். ஆனால் என்னைப் போல அடகு வைக்க நகை இல்லாதவர்கள் அந்தக் குவியலில் இருப்பார்கள். அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

முகவர்களுக்கும் உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்கும் விலக்கு எண் 06 என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் கொடுங்கள். இதயம் பலவீனமானவர்களை வாக்கிங் போகச் சொல்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இதே விவரங்களோடு உங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முறைப்படி புகார் அனுப்பிவிட்டேன், ரசீது கையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, மறுபடி அதே இரண்டு வரி வந்தாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தாள்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு அடுத்த எக்கோ வரும் 18-ஆம் தேதி. அதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
2013 முதல் உங்கள் பாலிசிதாரர்,
தண்டையார்பேட்டை, சென்னை